வல்வேலர் சரித்திரமும் மொண்ணையூர்ப் புலியும்

வல்வேலர் பேரரசைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் வருத்தப்படாதீர்கள். தெரியும் என்று சொல்கிறவர்களுக்கும் தெரியாது. நானூறு வருஷம் ஆண்டார்கள். ஆண்டுவிட்டுச் சும்மா போயிருந்தால் நமக்குத் தொல்லை இல்லை. வம்சம் முழுக்க ரெண்டே ரெண்டு பெயரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டுப் போனார்கள். ஒருத்தன் நெடுவேலன், அவன் மகன் பெருவேலன், பெருவேலன் மகனுக்குத் தாத்தா பேர் என்று மறுபடியும் நெடுவேலன். கடைசி ராஜா வரைக்கும் இதே கூத்துதான். 'நெடுவேலன் பெருவேலனைத் தோற்கடித்தான்' என்று ஒரு கல்லில் இருந்தால், அப்பன் மகனைத் தோற்கடித்தானா, மகன் அப்பனைத் தோற்கடித்தானா, இல்லை சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து தாயம் ஆடினார்களா என்று கண்டுபிடிக்கப் போன பண்டிதர்கள் பலர் திரும்பி வந்து எண்ணெய்க் கடை வைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட சரித்திரத்தை மொண்ணையூர்க்காரர்கள் நாலு பேர் ஒரே காலைப் பொழுதில் கரைத்துக் குடித்தார்கள். எப்படிக் குடித்தார்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது. நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். சிரித்துக்கொண்டே சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்கிறேன், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

மொண்ணையூருக்கும் கூர்மங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஏரி. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரியில் பாதித் தண்ணீர்தான். கூர்மங்கலத்து ஆட்கள் ஒரு நாள் காலையில் வந்து மதகைப் பலகை போட்டு அடைத்து, அதற்குப் பக்கத்தில் தடியோடு ரெண்டு பேரைக் காவல் போட்டுவிட்டார்கள். மொண்ணையூர்ப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. நாற்றங்கால் எல்லாம் வெளுக்க ஆரம்பித்தது. ஊர்த் தலைவர் வேம்பையன் வீட்டு நாற்றங்காலும்தான். அவர் மனைவி காத்தாயி கிணற்றில் கிடந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்குப் பால் இல்லாம பார்த்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்குங்க. வயிறு எரியுது. போயி ஏதாவது பண்ணுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். மொண்ணையூரில் யாரிடமும் 'ஏதாவது பண்ணுங்க' என்று சொல்லக் கூடாது.

வேம்பையன் தன் சபையோடு பாளையக்காரரிடம் போனார். சபை என்றால் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஏகாம்பரம். எதையும் சொன்னபடி செய்துமுடிக்கும் சடையாண்டி. காத்தாயியின் அண்ணன் தொப்பளான். இவர்களோடு வேம்பையனும் சேர்ந்தால் நாலு பேர். ஊரில் இருந்த அறிவையெல்லாம் இந்த நாலு தலைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ வெளியே எங்கும் அது தட்டுப்படவில்லை.

பாளையக்காரர் இரு தரப்பையும் விசாரித்தார். அவருக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது, படித்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தூங்கும் பழக்கம் உண்டு. ஆள் முகமும் அவருக்கு நினைவில் நிற்காது. அதனால் அவர் சபையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: கட்டியக்காரன் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான், எவன் எழுந்து நிற்கிறானோ அவன்தான் அந்த ஆள். அதற்கு மேல் சாட்சி, அடையாளம் எதுவும் கேட்பதில்லை. மூன்று கூப்பாட்டுக்கும் யாரும் எழவில்லை என்றால் அப்படி ஒரு ஆளே கிடையாது.

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: ஏரிக்கரையில் இருக்கிற ஈஸ்வரன் கோயிலைச் சுற்றி வல்வேலர் கல்வெட்டு இருக்கிறது. பேரரசு பிறந்ததிலிருந்து செத்தது வரை எல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. ஏரியை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் இருக்கும். ரெண்டு ஊரும் படித்துவிட்டு வாருங்கள். சந்தைக்கு மறுநாள் கோயில் வாசலிலேயே விசாரணை. "ஒரு கல்லையும் விடக் கூடாது. பாதி படிச்சிட்டு வந்து என் உசிரை வாங்காதீங்க. விசாரணை முடியற வரைக்கும் மதகு இப்ப யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு கல்லையும் விடக் கூடாது. சடையாண்டி அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

கூர்மங்கலத்தில் வரதப்பன் என்று ஒரு ஆள். விவரமானவன். அவன் மறுநாள் விடிந்தும் விடியாமல், ஆளரவம் இல்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போய்ச் சுவரைப் படித்துவிட்டான். அதைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. வாசலுக்கு வலப்பக்கத்தில் முதல் கல். அங்கிருந்து சுவரைப் பார்த்தபடி வலக்கைப் பக்கமாகவே நகர்ந்துகொண்டு போனால், கோயிலை முழுக்கச் சுற்றி வாசலின் இடப்பக்கத்தில் சரித்திரம் முடியும். ஆனால் அப்படிப் போனால் ஈஸ்வரனை இடமாகச் சுற்றியதாக ஆகிவிடும். நம் ஊரில் எந்த மனுஷனாவது கோயிலை இடமாகச் சுற்றுவானா? வல்வேலர்கள் நானூறு வருஷம் யோசித்து இதைத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவமும் கூடாது, சரித்திரமும் தெரிய வேண்டும் என்றால் முடியாது. வரதப்பன் பாவத்தை ஏற்றுக்கொண்டு இடமாகவே சுற்றிப் படித்தான். படித்தவன் முகம் சுருங்கிப்போயிற்று. மதகும் ஏரி நீரும் மொண்ணையூருக்கே என்று பளிச்சென்று வெட்டியிருந்தது.

வெயில் ஏறிய பிறகு நம் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். வரதப்பன் கோயில் வாசலில் விபூதி பூசிக்கொண்டு சாதுவாக நின்றிருந்தான். வேம்பையனைப் பார்த்து, "அண்ணே, சரித்திரம் எங்கயும் ஓடிப் போகாது. ஈஸ்வரனை மட்டும் வலமா வந்துருங்க. இடமா வந்தா வீட்டுக்கு ஆகாது" என்றான். வேம்பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர் ஊர்க்காரனாக இருந்தாலும் எவ்வளவு நல்ல மனசு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, நாலு பேரும் வலமாகப் புறப்பட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சேதி. கல்லை ஏகாம்பரம் ஒழுங்காகத்தான் படித்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலில் கண்ணில் பட்டது கடைசிக் கல்.

'பகைவர் கோட்டையைச் சூழ, பெருவேலன் இரவில் பின்வாசல் வழியே ஓடினான். அவனோடு ஒரு நாய் சென்றது.' ராஜாவைப் பற்றி இப்படி யார் வெட்டி வைத்தது என்று தெரியவில்லை. கோபக்காரக் கல்தச்சனாக இருக்கலாம். நம்மவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஆரம்பமே நல்ல ஓட்டமாக இருக்கிறது, பேரரசு என்றால் சும்மா உட்கார்ந்துகொண்டு ஆரம்பிக்க முடியுமா என்று வேம்பையன் விளக்கினார். அந்த நாய்தான் முதல் மந்திரி என்று சடையாண்டி முடிவு செய்தான்.

அடுத்த கல்லில் எழுத்தே இல்லை. எந்தக் காலத்திலோ திருப்பணி செய்தவர்கள் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். ஏகாம்பரம் தாண்டிப் போகப் பார்த்தான். சடையாண்டி கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஒரு கல்லையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. படி."

"ஒண்ணும் எழுதலையே."

"அப்ப அதைப் படி."

ஏகாம்பரம் கல்லின் முன்னால் நின்று, மற்ற கல்லுக்கு எவ்வளவு நேரம் நின்றானோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு படித்தான். மற்ற மூவரும் கேட்டார்கள். படித்து முடித்ததும் வேம்பையன் பெருமூச்சு விட்டார். "இந்த ராஜா ஒருத்தனையும் எதுவும் பண்ணல. இவன்தான் ராஜா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பண்டிதர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வல்வேலர் வம்சத்தைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டதில் சரியான வார்த்தை இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

சடையாண்டியால் வேலை கொஞ்சம் நீண்டது. வாசற்படிக் கல், விளக்குத் தூண் அடிக்கல், கோயில் மடைப்பள்ளி அம்மிக்கல் எதையும் அவன் விடவில்லை. அம்மிக்கல்லை மோந்து பார்த்து, மிளகு வாசனை வருகிறது, இது ராணி ஆண்ட காலம் என்றான். மூவரும் அதையும் மனசில் வாங்கிக்கொண்டார்கள்.

தென்பக்கச் சுவரில் படைகள் வந்தன. ஒரு கல்லில் எதிரியின் ஊர் சாம்பலாகக் கிடந்தது. அடுத்த கல்லில் ராஜா அதை நோக்கிப் படையோடு புறப்பட்டான். அதற்கடுத்த கல்லில் அந்த ஊர் மாட மாளிகையோடு ஜொலித்தது. கெட்டுப்போன ஊரையெல்லாம் தேடிப் போய்ச் சரி பண்ணிக் கொடுத்த வம்சம் என்று தொப்பளானுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியும் ராஜாக்கள் இருந்திருக்கிறார்களே, நம் பாளையக்காரர் ஒரு வாய்க்காலையாவது சரி பண்ணியிருக்கிறாரா என்று கேட்டான்.

மேற்குச் சுவரில்தான் பெரிய சிக்கல் வந்தது. ஒரு கல்லில் ஒரு பெருவேலன், 'பாட்டன் பெயர் தாங்கிய பேரன்' என்று வெட்டியிருந்தது. நாலைந்து கல் தள்ளிப் போனால் அந்தப் பாட்டன் பெருவேலன் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார். நாலு பேரும் வேப்ப மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேரன் முன்னாடி ஆண்டிருக்கான், தாத்தா பின்னாடி வந்து ஆண்டிருக்கார்" என்றார் வேம்பையன். "அப்ப யார் பேரை யாருக்கு வச்சிருக்காங்க?"

ஏகாம்பரம் வெகுநேரம் யோசித்தான். "பேரன் பேரைத்தான் தாத்தாவுக்கு வச்சிருக்கணும். முன்னாடி இருந்தவன் பேரைத்தானே பின்னாடி வர்றவனுக்கு வைக்க முடியும்?"

"ராஜ வம்சத்துலயே அப்படின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்" என்றான் சடையாண்டி.

தொப்பளான் முகம் வெளிறிப்போயிற்று. அவன் மகளுக்கு இது நிறைமாசம். பேரன் பேரைத்தான் தாத்தா வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இன்னும் பிறக்காத பேரனிடம் கேட்காமலேயே ஒரு பேரை இத்தனை வருஷமாகத் தான் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் எழுந்து நின்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இந்த நிமிஷத்திலிருந்து தொப்பளான் என்ற பேரை இறக்கி வைக்கிறேன், பேரன் பிறந்து அவன் பேர் என்ன என்று தெரிகிற வரைக்கும் எனக்குப் பேரே கிடையாது என்று சொன்னான்.

"அதுவரைக்கும் உன்னை எப்படிக் கூப்பிடறது மச்சான்?" என்று வேம்பையன் கேட்டார்.

"கூப்பிடாதீங்க. நானே வர்றேன்."

மூவருக்கும் அவன் நேர்மை பிடித்திருந்தது. அன்று முழுக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனும் தானாகவே வந்துகொண்டிருந்தான்.

வடக்குச் சுவர் முடிந்து திரும்பவும் வாசலை நெருங்கினார்கள். அங்கேதான் ஏகாம்பரம் சத்தம் போட்டுப் படித்தான்: 'மதகையும் ஏரி நீரையும் மொண்ணையூராருக்குச் சந்திர சூரியர் உள்ளவரை கொடுத்தான் நெடுவேலன்.' நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வேம்பையன் அழுதேவிட்டார். இதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும், காத்தாயி பாயசம் வைத்திருப்பாள், எனக்கும் சொல்லக் கதை இருந்திருக்காது. ஆனால் வாசலுக்கு இன்னும் கொஞ்சம் கல் பாக்கி இருந்தது. ஒரு கல்லையும் விடக் கூடாது.

அடுத்த கல்: 'இங்கே ஏரி வெட்டினான்.' அதற்கடுத்தது: 'காடு திருத்தினான்.' கடைசியில் வாசல் ஓரத்துக் கல்லில் இருந்தது இவ்வளவுதான்: 'இவ்விடம் பெருங்காடு. இதற்கு உடையவன் புலி.'

வேம்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்தது வாஸ்தவம்தான், ஆனால் அது பழைய பேச்சு, ராஜா கடைசியாகச் சொன்ன பேச்சு எதுவோ அதுதான் செல்லும் என்றார். கடைசிப் பேச்சுப்படி இது காடு. காட்டுக்குச் சொந்தக்காரன் புலி. ஏகாம்பரம் மெதுவாகத் திரும்பி ஏரியைப் பார்த்தான். பார்ப்பதற்கு ஏரி மாதிரிதான் இருந்தது. ஆனால் சரித்திரம் தெரியாதவன் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல், ஏரியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

காத்தாயி குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். வேம்பையன் ஓடிய ராஜாவிலிருந்து அம்மிக்கல் ராணி வரை ஒன்று விடாமல் சொல்லி, புலியில் வந்து முடித்தார்.

"நேத்து நான் அந்த ஏரியிலதான் சேலை அலசிட்டு வந்தேன். எங்கே இருந்துச்சு உங்க புலி?"

"அது நாங்க படிக்கறதுக்கு முந்தி, காத்தாயி."

"நமக்குக் குடுத்தான்னு கல்லுல இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா அது பழசு."

காத்தாயி குடத்தைக் கீழே வைத்தாள். "நாத்து நாலு நாள் தாங்காது. அது போச்சுன்னா இந்த வருஷம் ஊரே கூலிக்குப் போகணும். நீங்க அங்க போயி 'நமக்குக் குடுத்தான்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேற ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வேம்பையன் அவளைப் பரிவோடு பார்த்தார். பாதி படித்துவிட்டு வந்து என் உயிரை வாங்காதே என்று பாளையக்காரர் சொல்லியிருக்கிறார், பாதியைச் சொல்லி அவர் உயிர் போய்விட்டால் என்ன பண்ணுவது என்றார். அவள் தன் அண்ணனைக் கூப்பிட்டாள். அவனுக்குத்தான் பேர் இல்லையே. அவன் அசையவில்லை.

சந்தைக்கு மறுநாள் பாளையக்காரர் பல்லக்கில் வந்து இறங்கினார். ரெண்டு ஊரும் கோயில் வாசலில் கூடின. மதகுக்குப் பக்கத்தில் கூர்மங்கலத்துத் தடிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கட்டியக்காரன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். வேம்பையன், ஏகாம்பரம், சடையாண்டி எழுந்தார்கள். "மொண்ணையூர்த் தொப்பளான்" என்று மூன்று தடவை கூப்பிட்டான். தொப்பளானும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான், யார் அந்தத் தொப்பளான், ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று. அப்படி ஒரு ஆளே கிடையாது என்று பாளையக்காரர் தள்ளிவிட்டார்.

வரதப்பன் எழுந்து பேசினான். அருமையாகப் பேசினான். நெடுவேலனின் வீரம், பெருவேலனின் ஈரம் எல்லாம் சொல்லி, அந்த மதகைக் கூர்மங்கலத்துக்கே தாரை வார்த்துக் கொடுத்ததாகக் கல் சொல்கிறது என்று கூசாமல் புளுகினான். பாளையக்காரர் தலையாட்டினார். அடுத்து வேம்பையன் எழுந்தார். காத்தாயி கூட்டத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்பையனும் அவளைப் பார்த்தார். பிறகு நாணயமாக, ஒன்று விடாமல், ஏரி புலிக்குச் சொந்தம் என்று சொல்லி முடித்தார்.

பாளையக்காரருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அவர் சபையில் ஒருத்தன் பொய் சொல்வது வழக்கம்தான். தனக்கே எதிராக ஒருத்தன் சாட்சி சொன்னது இதுவே முதல் தடவை. சரி, நானே நேரில் பார்க்கிறேன், அந்தப் படிக்கிறவன் என் பல்லக்கோடு கூட வந்து உரக்கப் படிக்கட்டும் என்றார். பல்லக்குத் தூக்கிகள் எந்தப் பக்கம் திரும்புவார்கள்? ஈஸ்வரனுக்கு முன்னால் அவர்கள் கால் தானாக வலமாகத்தான் திரும்பும். திரும்பியது.

வரதப்பனுக்குப் பகீர் என்றது. "எசமான், அந்தப் பக்கமாப் போனா..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பக்கமாப் போனா என்ன? ஈஸ்வரனை இடமா வரச் சொல்றியா?"

இடமாக வந்தால்தான் சரித்திரம் நேராக வரும் என்று சொல்லலாம். சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதோடு, நேராகப் படித்தால் மதகு மொண்ணையூருக்குத்தான். விவரமான ஆளாக இருப்பதில் இந்தச் சங்கடம் இருக்கிறது. வரதப்பன் வாயை மூடிக்கொண்டான்.

பல்லக்கு ஆடி ஆடிப் போயிற்று. ஓடிய ராஜா, நாய், ஒன்றுமே செய்யாத ராஜா என்று ஏகாம்பரம் படித்துக்கொண்டே வந்தான். தென்பக்கம் திரும்புவதற்குள் பாளையக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வடக்குச் சுவர் முடியும் இடத்தில், 'மதகையும் ஏரி நீரையும் மொண்ணையூராருக்கு' என்று ஏகாம்பரம் படித்தபோது மொத்தக் கூட்டமும் கேட்டது. கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை. காத்தாயி முன்னால் ஓடி வந்து, "எசமான், எந்திரிச்சுக் கேளுங்க எசமான்" என்று கத்தினாள். எசமான் தூக்கத்தைக் கலைப்பது பெரிய குற்றம் என்று சேவகர்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். பல்லக்கு அந்தக் கல்லைத் தாண்டிப் போய்விட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வாசலில் பல்லக்கை இறக்கிய அதிர்வில் பாளையக்காரர் விழித்துக்கொண்டார். ஏகாம்பரம் கடைசிக் கல்லில் இருந்தான்: 'இதற்கு உடையவன் புலி.'

இத்தனை பெரிய பேரரசின் சரித்திரத்தில் பாளையக்காரர் காதில் விழுந்தது இது ஒன்றுதான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டதாகவும், மொண்ணையூர்க்காரர்கள் சொன்னது சரி என்றும், மதகு புலிக்குத்தான் என்றும் தீர்ப்புச் சொன்னார். வரதப்பன் சமாளித்துக்கொண்டான். "நியாயமான தீர்ப்பு எசமான். ஆனா புலின்னு ஒண்ணு இங்க இல்ல. உடையவன் இல்லாத சொத்து, இப்ப வச்சிருக்கற எங்ககிட்டயே இருக்கட்டும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கூப்பிட்டுப் பார் என்று பாளையக்காரர் கையை அசைத்தார். கட்டியக்காரன் ஏரியைப் பார்த்து நின்று, "புலி" என்று கூப்பிட்டான். கூட்டம் அசையவில்லை. வேம்பையனும் ஏகாம்பரமும் சடையாண்டியும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "புலி" என்று ரெண்டாம் தடவை கூப்பிட்டான். வரதப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். காத்தாயி தலை நிமிரவே இல்லை. கட்டியக்காரன் மூச்சை இழுத்து மூன்றாவது தடவை கூப்பிட்டான்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒருத்தன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"இருக்கேன் எசமான்" என்றான் தொப்பளான்.

பாளையக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் புலியா?"

"எனக்குப் பேரில்லை எசமான். நீங்க ஒரு பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, யாரும் அதை எடுத்துக்கல. வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிட்டேன். பேரன் பொறக்கற வரைக்கும்தான்."

வரதப்பன் குதித்தான். இவன் தொப்பளான், மொண்ணையூர்க்காரன், எல்லோருக்கும் தெரியும் என்றான். தொப்பளான் என்று ஒரு ஆளே கிடையாது என்று காலையிலேயே தீர்ப்பாகிவிட்டதே என்று கட்டியக்காரன் நினைவுபடுத்தினான். பாளையக்காரருக்குப் பசி வேறு. மூன்று கூப்பாடு, ஒரு ஆள் எழுந்தான், அவ்வளவுதான். மதகுப் பலகையைப் புலியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறுவதற்குள் போக வேண்டும் என்று பல்லக்கில் ஏறிவிட்டார். தடிக்காரர்கள் பலகையை விட்டு விலகினார்கள்.

காத்தாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடி வந்தாள். "வாங்கண்ணே, பலகையைத் தூக்கலாம்."

"அண்ணன் இல்லம்மா. புலி."

"சரி, புலி. அந்த முனையைப் பிடிங்க."

ரெண்டு பேரும் சேர்ந்து பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் சளசளவென்று வாய்க்காலில் இறங்கி மொண்ணையூர்ப் பக்கம் ஓடியது. காத்தாயி அதன் கூடவே ஓடினாள். நாற்றங்காலில் ஈரம் ஏறி, பயிரின் கால் நனைந்ததைப் பார்த்துவிட்டு, சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பற்றி இப்போதும் அந்த ஊரில் பேசுகிறார்கள்.

மற்ற மூவரும் எங்கே என்று கேட்பீர்கள். "இருக்கேன் எசமான்" என்ற சத்தம் கேட்டதுமே அவர்கள் ஏரிக்கரைப் புளிய மரத்தில் ஏறிவிட்டார்கள். பாளையக்காரரே புலி என்று ஒத்துக்கொண்ட பிறகு, மச்சான் என்று பார்க்க முடியுமா என்பது வேம்பையன் வாதம்.

பொழுது சாயும் நேரம் காத்தாயி கஞ்சிக் கலயத்தோடு மரத்தடிக்கு வந்தாள். தொப்பளானும் பின்னாலேயே வந்து நின்றான். கஞ்சி ஆறுகிறது, மூணு பேரும் இறங்கி வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். இலைகளுக்கு நடுவிலிருந்து வேம்பையன் குரல் மட்டும் வந்தது.

"புலி இன்னும் அங்கேதான் நிக்குது காத்தாயி. உனக்குப் பின்னாடியே."

தொப்பளான் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்னால் இருட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு வேர்த்துவிட்டது. தங்கை கையிலிருந்த கஞ்சிக் கலயத்தைத் தட்டிவிட்டு, மேல்துண்டு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாகப் புளிய மரத்தில் ஏறினான். மூவரும் பதறாமல், பாவம் இவனும் நம்மைப் போலத் தப்பித்து வந்திருக்கிறான் என்று கிளையில் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.